ரெக்கார்டு பிளேயர் தொல்லை தருகிறதா? முள்ளை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சென்னை மந்தைவெளியில் ஒரு வீட்டில், பிளேயர் கையின் (டோன் ஆர்ம்) நுனியிலுள்ள ஹெட்ஷெல்லின் தலையில் இருபத்தைந்து பைசாவைச் செல்லோ டேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். "அது இல்லேன்னா ஜம்ப் ஆகுது தம்பி" என்றார் வீட்டுப் பெரியவர். காசைப் பிரித்துத் தராசில் வைத்தேன்: 2.8 கிராம். காசு இல்லாமல் முள்ளைத் தராசில் இறக்கினேன்: 0.9 கிராம். முள் மாட்டியிருக்கும் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குத் தேவை 2 கிராம். கையின் பின்முனையில் திருகும் எடையான கவுன்டர்வெயிட்டின் எண் வளையமோ 2 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

யாரோ எடையைத் திருகாமல் வளையத்தை மட்டும் திருப்பியிருக்கிறார்கள். எண் வந்தது, எடை வரவில்லை. அந்தக் குறையைக் காசு ஈடுகட்டியிருக்கிறது, ஆனால் 3.7 கிராமாக. அந்த வீட்டில் புது முள் வாங்கக் கடையில் விலை விசாரித்து முடித்திருந்தார்கள்.

என்னிடம் வரும் பிளேயர்களில் பாதிக்கு மேல் இந்த ரகம். பொருள் நன்றாக இருக்கும், வைத்த விதம் தப்பாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு தொல்லைக்கும் காசு செலவில்லாததை முதலில், செலவுள்ளதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். கையில் வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மென்மையான சின்ன பிரஷ், டார்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர், போனில் மட்டம் பார்க்கும் ஆப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய நிலையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயரைத் தொடும்போது ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கட்டும்.

சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் மலிவான பிளேயர்களில் கவுன்டர்வெயிட்டே இருக்காது. அவற்றுக்கு எடை, கோணம் பற்றிய பகுதிகள் பொருந்தாது. மற்றவை பொருந்தும்.

## பாட்டு தாண்டுகிறது, அல்லது ஒரே வரியில் மாட்டிக்கொள்கிறது

முதலில் வேறு இரண்டு தட்டுகளைப் போட்டுப் பாருங்கள். எங்கே தாண்டுகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை.

### ஒரு தட்டில் மட்டும், அதே இடத்தில்

பிளேயரைத் தொடாதீர்கள், குறை தட்டில். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அழுக்கோ பூஞ்சணமோ என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தடத்தின் போக்கிலேயே துடைத்து, மறுபடி வெறும் நீரால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கு ஸ்பிரிட் கிட்டேயே போகக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். அந்தத் தட்டுகளை எல்பி முள்ளால் போடவும் வேண்டாம். தடம் அகலம், முள் சிறிது. அடியில் உட்கார்ந்து இரைச்சலைத்தான் பொறுக்கும்.

தட்டு நெளிந்திருந்தால் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன உச்ச வரம்புவரை ஏற்றிப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயிலில் காயவைக்கும் வைத்தியத்தைச் செய்து ஒரு நல்ல தட்டை நான் கெடுத்திருக்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

### எல்லாத் தட்டிலும், இங்கொன்றும் அங்கொன்றுமாக

முள் நுனியைப் பாருங்கள். சின்னப் பஞ்சு உருண்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பிரஷ்ஷைப் பின்னிருந்து முன்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும், அதாவது கையின் அடியிலிருந்து ஹெட்ஷெல்லின் மூக்கு நோக்கி. பக்கவாட்டிலோ எதிர்ப்பக்கமாகவோ தேய்த்தால் முள்ளைத் தாங்கும் குச்சி வளைந்துவிடும். விரலால் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

அடுத்தது மட்டம். போனைப் பெட்டியின் மேல் வைக்காமல், தட்டு சுழலும் பிளேட்டரின் மேல் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் காலடித் திருகைச் சரிசெய்யுங்கள். திருகு இல்லாவிட்டால் மடித்த அட்டை போதும்.

அப்புறம் எடை. இதை அவசரமில்லாமல் செய்ய வேண்டும்.

கை உள்ளே இழுபடாமல் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஆன்டி ஸ்கேட்டிங் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள்ளின் உறையைக் கழற்றுங்கள், உறையோடு பார்த்தால் கணக்கு கெடும். தூக்கும் நெம்புகோலை இறக்கிவிட்டு, கையைத் தாங்கியிலிருந்து எடுத்து, தாங்கிக்கும் பிளேட்டருக்கும் இடையிலான வெளியில் விரலால் ஏந்திக்கொள்ளுங்கள். கவுன்டர்வெயிட்டை மெல்லத் திருகுங்கள். ஒரு கட்டத்தில் கை மேலேயும் போகாது, கீழேயும் விழாது, நகைக்கடைத் தராசின் கோல்போல அந்தரத்தில் கிடைமட்டமாக நிற்கும். கையைத் தாங்கியில் பூட்டுங்கள். இப்போது எடையைத் தொடாமல் எண் வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்தைக் கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். வளையத்தைத் தனியாகத் திருப்பும் ஒரே தருணம் இதுதான். இனி வளையமும் எடையும் சேர்ந்து நகரும்படி பின்பக்கத்துக் கனமான பகுதியைப் பிடித்துத் திருகி வேண்டிய எண்ணுக்கு வாருங்கள்.

எந்த எண்? கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் இருக்கும். ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ என்றால் 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை போகலாம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8, வரம்பு 1.6 முதல் 2.0. தட்டு தேயும் என்று பயந்து வரம்புக்குக் கீழே வைப்பவர்கள் நிறைய. எடை குறைந்தால் முள் தடத்துக்குள் ஆடும், தடத்தின் சுவரைக் கொத்தும். கொஞ்சம் அதிகமாக இருப்பதைவிட அதுதான் தட்டுக்குக் கெடுதல்.

கடைசியில் தராசில் முள்ளை இறக்கிச் சரிபாருங்கள். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பொய்க் கணக்கு காட்டும். தராசின் மேல்பரப்பு ஏறத்தாழ இசைத்தட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு நான் ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் தராசை வைப்பேன்.

எடை சரியானதும் ஆன்டி ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணுக்குத் திருப்புங்கள், 2 கிராம் என்றால் 2. இன்னும் தாண்டினால் தாண்டும் திசையைக் கவனியுங்கள். முன்னோக்கி உள்ளே பாய்ந்தால் ஆன்டி ஸ்கேட்டிங் குறைவாக இருக்கலாம். பின்னால் வந்து அதே வரியைப் பாடினால் அதிகமாக இருக்கலாம். சில பிளேயர்களில் இது குமிழ் இல்லை, நைலான் நூலில் தொங்கும் குட்டி எடை. நூல் கம்பியிலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வரிசை முழுவதும் முடிந்தும் தாண்டினால்தான் முள் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரண முள் 500 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால், தினம் ஒரு எல்பி கேட்பவருக்கு இரண்டு வருடம். பழைய பிளேயரை யாரிடமாவது வாங்கியிருந்து, முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

### எல்லாத் தட்டிலும், ஏறத்தாழ அதே இடத்தில்

இது கையை ஏதோ தடுக்கும் அறிகுறி. நெம்புகோலை முழுக்க இறக்கிய நிலையில், கைக்கும் அதைத் தூக்கும் மேடைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மேடை கையை உரசுகிறது. மேடையைத் தாழ்த்த அதன் அருகில் ஒரு சின்னத் திருகு இருக்கும்.

அது சரியாக இருந்தால், கை அந்தரத்தில் நிற்கும்படி எடையைச் சமன்செய்து, ஆன்டி ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, மெல்ல ஊதுங்கள். கை ஒரே சீராக நகர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தயங்கினால் கை சுழலும் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது உள் வயர் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஷெல்லை இரு விரலால் பிடித்து லேசாக ஆட்டும்போது கடகடவென்ற தளர்ச்சி தெரிந்தாலும் பேரிங்தான். இங்கே நிறுத்துங்கள், மெக்கானிக்கிடம் போங்கள். எண்ணெய் விட்டுச் சரிசெய்கிறேன் என்று இறங்கினால் தூசி ஒட்டி இன்னும் இறுகும்.

தானாகத் திரும்பும் ஆட்டோமேட்டிக் பிளேயரில், பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் கையைத் தள்ளும் பொறிமுறையில் பழைய கிரீஸ் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். அடிப்பக்கத்தைத் திறந்து பழக்கமில்லை என்றால் அதுவும் மெக்கானிக் வேலைதான்.

## முதல் பாட்டு நன்றாக இருக்கிறது, கடைசிப் பாட்டு கரகரக்கிறது

"ஸ", "ஷ" வரும் இடமெல்லாம் பொரிகிறதா? தட்டின் உள்பக்கம் நெருங்க நெருங்க அதிகமாகிறதா? எல்பியின் வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது, உள்ளே வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. வைத்ததில் சின்னப் பிசகு இருந்தாலும் அங்கேதான் வெளியே வரும்.

பார்க்கும் வரிசை: முள்ளில் பஞ்சு, எடை. இரண்டும் சரி என்றால் பொரிவது எந்தப் பக்கம் என்று ஹெட்போனில் கேளுங்கள். வலது காதில் மட்டும் என்றால் ஆன்டி ஸ்கேட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இடதில் மட்டும் என்றால் குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொரிந்தால் கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கும் இடமும் கோணமும் தப்பு.

### கார்ட்ரிட்ஜை நேராக்குவது

கார்ட்ரிட்ஜ் புரோட்ராக்டர் எனும் அளவுப் படம் ஒன்றைப் பிரின்ட் எடுங்கள். அதில் நடுத்துளையிலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளிகளும் அவற்றைச் சுற்றி இணைகோடுகளும் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் தாளுக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கி எடுத்துத் தருவார்கள். கையில் வாங்கியதும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 66 என்பது 64 ஆக இருந்தால் அந்தத் தாள் வீண், நூறு சதவீத அளவில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தாளால் நான் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

ஹெட்ஷெல்லின் இரண்டு திருகுகளையும் கார்ட்ரிட்ஜ் நழுவும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பிளேட்டர் சுழலாதபடி பிடித்துக்கொண்டு முள்ளை வெளிப்புள்ளியில் இறக்கி, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக வரும்படி திருப்புங்கள். பிறகு உள்புள்ளியில் இறக்கிப் பாருங்கள். அங்கே கார்ட்ரிட்ஜின் மூக்கு நடுக்கம்பிப் பக்கம் திரும்பியிருந்தால் கார்ட்ரிட்ஜ் முன்னே நகர வேண்டும். வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் பின்னே. ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர்தான். மறுபடி வெளிப்புள்ளி, மறுபடி உள்புள்ளி. நாலைந்து சுற்றில் இரண்டிலும் இணையாக நிற்கும். திருகை இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் திரும்பிவிடும், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் திருப்பாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறை திருகைத் தொடும்போதும் முள்ளுக்கு உறை போட்டுவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுவது சரியாக முள்ளின் மேல்தான். வேலை முடிந்ததும் எடையைத் திரும்பப் பாருங்கள், கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் எடையும் மாறும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வைத்திருப்பவர்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வழி வேறு: ஹெட்ஷெல் கையோடு சேரும் வாஷரிலிருந்து முள் நுனி 52 மி.மீ. இருக்க வேண்டும். அதுவும் நல்ல வழிதான், ஆனால் மேலே சொன்ன படத்தோடு துல்லியமாகப் பொருந்தாது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் எதுவும் கிடைக்காது.

### நேராக்கியும் போகவில்லை என்றால்

முள் தட்டில் இருக்கும்போது கை தட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். பின்பக்கம் மிக உயர்ந்திருந்தால் ஒலி கூச்சமாக இருக்கும், தாழ்ந்திருந்தால் மந்தமாக இருக்கும். ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு மெல்லிய கார்க் விரிப்பு போட்டவர்கள் இதை மறந்துவிடுவார்கள். கையின் உயரத்தை மாற்ற முடியாத பிளேயரில் பழைய விரிப்பைத் திரும்பப் போடுவதே சுலபம். முன்னாலிருந்தும் ஒரு பார்வை. சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் முள்ளை இறக்கினால் கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஹெட்ஷெல்லைக் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள்.

அதற்குப் பிறகும் பொரிந்தால், புதுத் தட்டு ஒன்றைப் போடுங்கள். அது சுத்தமாகப் பாடினால் உங்கள் பழைய தட்டு வேறு யாரோ தேய்ந்த முள்ளால் ஓட்டிக் கெடுத்தது. அதற்கு மருந்தில்லை. புதுத் தட்டிலும் பொரிந்தால் முள்ளை மாற்றுங்கள்.

## ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பின்னால் பிளேயரின் ஒலி வயரிலுள்ள இடது வலது ஆர்சிஏ பின்களை மாற்றிச் செருகுங்கள்.

ஊமைப் பக்கம் மாறவில்லை என்றால் குறை ஆம்ப்ளிஃபையரிலோ ஸ்பீக்கரிலோ. பிளேயரை விட்டுவிடுங்கள்.

மாறியது என்றால் பிளேயரில். ஹெட்ஷெல்லைக் கழற்றுங்கள். அதன் பின்னால் நான்கு சின்னப் பித்தளைப் புள்ளிகள் இருக்கும். கடற்கரைக் காற்றில் அவை கறுத்துப்போகும், நம் ஊரில் இதுதான் பெரும்பாலும் காரணம். காட்டன் துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். போகாவிட்டால் கார்ட்ரிட்ஜின் பின்னால் செருகிய நான்கு வயர்களைப் பாருங்கள்: வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த், சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த். தளர்ந்த குழலை இடுக்கியால் லேசாக நெருக்கி மறுபடி செருகலாம். கார்ட்ரிட்ஜ் பின்னில் சால்டரிங் வைக்கவே கூடாது, சூட்டில் உள்ளேயிருக்கும் மெல்லிய சுருள் போய்விடும்.

இன்னும் ஊமை என்றால் தெரிந்தவரிடம் வேறு ஹெட்ஷெல்லைக் கார்ட்ரிட்ஜோடு கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் இரண்டு பக்கமும் பாடினால் உங்கள் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது. அதிலும் ஊமை என்றால் கைக்குள் ஓடும் முடி போன்ற வயர் அறுந்திருக்கும். அதை மாற்றப் பேரிங்கைக் கழற்ற வேண்டும், வீட்டில் செய்யும் வேலை இல்லை.

## பாட்டுக்குப் பின்னால் "ம்ம்ம்" என்று இரைச்சல்

பிளேயரிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் கட்டியிருக்கிறீர்களா? ஆர்சிஏவை மட்டும் செருகிவிட்டு அதை அலமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார்கள். கட்டியும் இரைந்தால் திருகைத் தேய்த்து மறுபடி கட்டுங்கள். அப்புறம் பிளேயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடித்துக்கொள்ளும். கையை உள்ளே கொண்டுபோகப் போக இரைச்சல் கூடினால் கார்ட்ரிட்ஜ் பிளேயரின் சொந்த மோட்டாரைப் பிடிக்கிறது. அந்தக் கார்ட்ரிட்ஜும் அந்தப் பிளேயரும் ஒத்துப்போகாது என்று அர்த்தம்.

இரைச்சல் "ம்ம்ம்" ஆக இல்லாமல், வால்யூம் ஏற்ற ஏற்ற ஊளையிடுகிறது என்றால் ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருக்கின்றன. பிரித்து வையுங்கள்.

பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், சுவருக்குள் எர்த் இருக்காது. பிளேயரின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீர் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## சத்தம் மிகக் குறைவு, அல்லது ஒரேயடியாகக் கத்துகிறது

தகரம் தட்டியதுபோல மெலிந்து கேட்டால், கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் நேரே ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் பக்கம் செருகியிருக்கிறீர்கள். சிதைந்து கத்தினால் பிளேயருக்குள்ளும் பிரீஆம்ப் இருக்கிறது, ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ பக்கத்திலும் இருக்கிறது. பிளேயரின் பின்னால் உள்ள ஃபோனோ, லைன் சுவிட்சைப் பாருங்கள். ஒன்று போதும். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் உள்ள பிளேயரை ஃபோனோவில் செருகினாலும் இப்படித்தான் கத்தும், அதற்கு ஆக்ஸ்தான் இடம்.

## சுருதி இறங்கிப் பாடுகிறது

லேபிளின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பாட்டு ஓடும்போதே சுற்றுகளை எண்ணுங்கள். எல்பி என்றால் மூன்று நிமிடத்தில் நூறு சுற்று வர வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் பிளேட்டரைச் சுழற்றும் பெல்ட் தொய்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் வேகத் திருகு நகர்ந்திருக்கிறது.

எண்பத்துமூன்று, எண்பத்துநாலு என்று வந்தால் அது பெல்ட் இல்லை. அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ கொண்டுவந்த பிளேயரா என்று கேட்பேன். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மெயின்ஸ் ஏசியிலேயே நேரடியாக ஓடும் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நான்கு கட்டைக்கு இறங்கிவிடுவார். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் மாற்றலாம். டிசி மோட்டார் உள்ள பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

## மெக்கானிக்கிடம் எடுத்துப் போகும்போது

பேரிங், உள் வயர், மோட்டார் என்றால் கொண்டுபோகத்தான் வேண்டும். முள்ளுக்கு உறை போட்டு ஹெட்ஷெல்லைக் கழற்றித் தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். கவுன்டர்வெயிட்டைக் கழற்றிக் கைப்பையில் போடுங்கள். பிளேட்டரை எடுத்துவிடுங்கள், ஆட்டோவில் அது துள்ளினால் நடுவிலிருக்கும் அச்சு அடிவாங்கும். கையைத் தாங்கியோடு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். செல்லோ டேப் வேண்டாம், பசையைச் சுரண்டுவது பெரிய வேலை. மந்தைவெளி ஹெட்ஷெல்லில் அந்தக் காசின் வட்டம் இன்னும் இருக்கிறது.